ரோடா கம்பெனியின் பத்துப் பெட்டிகள்

கெட்டிக்காரனை “எம்டன்” என்று சொல்லும் பழக்கம் நம் பக்கத்துப் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பலின் பெயர் அது. அதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவான நாட்களுக்கு முன் ஜெர்மன் துப்பாக்கிகள் ஐம்பது, கல்கத்தாவில் சத்தமில்லாமல் காணாமல் போயின. அந்தக் கதை நம் பக்கம் அதிகம் தெரியாது.

முதலில் துப்பாக்கியைப் பற்றி. ரிவால்வரில் உருளை சுழன்று அடுத்த தோட்டா வரும். குண்டு முன்னே பாயும்போது பின்னே உதைக்கிறதல்லவா, அந்த உதையையே வேலை வாங்கினால் என்ன என்று யோசித்தார்கள் ஜெர்மானியர். உதை காலித் தோட்டாவை வெளியே தள்ளும். சுருள்வில் அடுத்ததை உள்ளே ஏற்றும். சுடுபவர் விசையை அழுத்தினால் போதும். 1893இல் ஹூகோ போர்ஹார்ட் செய்ததை பெர்லின் லூட்விக் லோவே கம்பெனி விற்றது. நன்றாகச் சுட்டது, ஆனால் கையில் பிடிக்கவே கஷ்டம். அதைத்தான் கியோர்க் லூகர் பிறகு திருத்தி அமைத்தார். ஜெர்மன் ராணுவம் 1908இல் ஏற்றுக்கொண்டது.

நெக்கார் ஆற்றங்கரையில் ஓபர்ன்டார்ஃப் என்ற சிற்றூர். அங்கே பவுல் மவுசர் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஃபீடர்லே சகோதரர்கள் மூவர் வேறொரு வழியில் செய்தார்கள். 1895இல் காப்புரிமை வாங்கியது முதலாளி பெயரில்! உலகம் அதை மவுசர் என்றே அறியும். பத்துத் தோட்டா, பிடி துடைப்பக் கட்டை போல உருண்டை. வைக்கும் மரப்பெட்டியையே பிடியில் மாட்டினால் தோளில் வைத்துச் சுடும் சிறு ரைபிள் ஆகிவிடும். சர்ச்சில் 1898இல் சூடான் போரில் இதைத்தான் வைத்திருந்தார்.

இனி கல்கத்தா. ஆர்.பி. ரோடா கம்பெனி அங்கே பெரிய ஆயுத வியாபாரி. கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்து எடுத்துவர ஒரு குமாஸ்தா, ஸ்ரீஷ் சந்திர மித்ரா. 1914 ஆகஸ்ட் 26 அன்று 202 பெட்டிகளை முறைப்படி விடுவித்தார். 192 பெட்டிகள் கிடங்குக்கு வந்து சேர்ந்தன. மீதியைக் கொண்டுவருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. அந்தப் பத்துப் பெட்டிகளில் 50 மவுசர், 46,000 தோட்டாக்கள். மாட்டு வண்டிக்காரர் வேஷத்தில் ஹரிதாஸ் தத்தா என்ற புரட்சிக்காரர் ஓட்டிச் சென்றார். ஒரு வெடிச்சத்தம் இல்லை. கம்பெனி போலீசில் சொன்னதே மூன்று நாள் கழித்து. ரசீதும் பதிவேடுமாகவே காலம் கழித்த எனக்கு, அந்த மூன்று நாள் தாமதம்தான் இந்தக் கதையிலேயே ருசியான இடம். தாள்கள் எல்லாம் சரியாக இருந்தால் யாரும் பெட்டியை எண்ணுவதில்லை.

நம் பக்கத்தில் இதற்கு மூன்றாண்டு முன்பே, 1911 ஜூன் 17இல், மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டார். அது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் இருந்த வ.வே.சு. ஐயர் துப்பாக்கிப் பயிற்சி தந்தவர் என்பது நமக்குத் தெரிந்ததே. இந்தியருக்கு லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் கூடாது என்று 1878 முதல் சட்டம் இருந்தது. அதனால் ஒரு துப்பாக்கி கிடைப்பதே பெரும்பாடு. கல்கத்தாக்காரருக்கு ஒரே நாளில் ஐம்பது.

44 துப்பாக்கிகள் உடனே ஒன்பது குழுக்களுக்குப் பிரிந்துபோயின. 1915 செப்டம்பர் 9இல் ஒரிசாவின் பாலசோர் அருகே பாகா ஜதீனும் நான்கு தோழர்களும் போலீசை எதிர்த்து நின்றது மவுசரோடுதான். ஜதீன் மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர்விட்டார். அதை வீரம் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அதே மவுசர்கள் கொள்ளைகளுக்கும் போயின. வங்காளத்தில் அந்த ஆண்டுகளில் குண்டடிபட்ட போலீஸ்காரர்களில் பலர் இந்தியர்களே. அவர்கள் வீட்டிலும் அழுதிருப்பார்கள். இதை எழுதினால் சிலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு துப்பாக்கியிலும் எண் பொறித்திருந்தது. ரோடாவிடம் அந்தப் பட்டியலும் இருந்தது. பிடிபட்டவற்றை எண் பார்த்தே அடையாளம் கண்டார்கள். 1918இல் ரௌலட் குழு தன் அறிக்கையில் 54 சம்பவங்களில் இவை பயன்பட்டதாகவும், 31 துப்பாக்கிகள் மீட்கப்பட்டதாகவும் கணக்குக் காட்டியது. ஸ்ரீஷ் மித்ரா மட்டும் போலீசார் கையில் சிக்கவேயில்லை.