எக்ஸ்இசட் பின்கதவு

எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்பது லினக்ஸ் இயங்குதளங்களில் கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் திறந்த மூல மென்பொருள். இதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் தீங்கு நிரல் ஒன்று ஒளித்து வைக்கப்பட்டிருந்தது 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்டது. பாதுகாப்புக் குறைபாடுகளின் கடுமையை அளக்கும் அளவுகோலில் இதற்கு 10-க்கு 10 வழங்கப்பட்டது.

இதைக் கண்டறிந்த ஆண்டிரஸ் பிராய்ண்ட் பாதுகாப்புத் துறை வல்லுநர் அல்லர். மைக்ரோசாப்டில் பணியாற்றிய தரவுத்தளப் பொறியாளர். டெபியன் இயங்குதளத்தின் நிலையற்ற மேம்பாட்டுப் பதிப்பில் வேகத்தை அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் வழியாகக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்தார். அரை நொடிதானே என்று விடாமல் காரணத்தைத் தேடிச் சென்றார்.

நுழைந்த வழி

இம்மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்தவர் பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின். இதற்கு அவருக்கு ஊதியம் கிடையாது. உலகெங்கும் உள்ள வழங்கிகள் நம்பியிருந்த ஒரு மென்பொருள் ஏறக்குறைய ஒருவரின் ஓய்வு நேரத்தில் நடந்துவந்தது என்பதே இவ்வரலாற்றில் முதலில் கவனிக்கத்தக்கது. 2021-இல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். 2022-இல், வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவரைச் சேர்க்க வேண்டும் என்று சில புதிய பெயர்கள் காலினை நெருக்கின. நாளடைவில் ஜியா டான் இணைப் பராமரிப்பாளரானார். அப்பெயருக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பது வெளிப்படவில்லை.

தீங்கு நிரல் சோதனைக் கோப்புகள் போன்ற தோற்றத்தில் வைக்கப்பட்டது. அதை உயிர்ப்பிக்கும் வரிகளோ அனைவரும் படிக்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்கான சுருக்கப் பொதியில் மட்டுமே இருந்தன. குறிப்பிட்ட மறைகுறி ஒன்றை வைத்திருப்பவர் மட்டும் பாதிக்கப்பட்ட கணினியில் தம் கட்டளைகளை இயக்க முடியும்.

எதிர்நடவடிக்கை

அறிவிப்பு வந்ததும் கிட்ஹப் அக்களஞ்சியத்தை முடக்கியது. அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு முகமையான சிசா பழைய பதிப்புக்குத் திரும்புமாறு அறிவுறுத்தியது. திரும்புவது எளிதாக இல்லை. பொதி மேலாளர்கள் பதிப்பு எண் ஏறினால்தான் புதுப்பிக்கும், இறங்கினால் புதுப்பிக்காது. எனவே டெபியன் பழைய 5.4.5-ஐ '5.6.1+ரியலி5.4.5' என்ற விந்தையான பெயரில் வெளியிட்டது. அதுவும் ஜியா டான் கைவைத்த காலத்துப் பதிப்புதானே என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயம் நியாயமானதே. உபுண்டு தன் 24.04 முன்னோட்ட வெளியீட்டை ஒரு வாரம் தள்ளிவைத்துப் பொதிகளை மீண்டும் கட்டமைத்தது.

டெபியன், ரெட் ஹாட் ஆகியவற்றின் நிலையான பதிப்புகளைத் தீங்கு நிரல் எட்டவில்லை. பின்கதவு நீக்கப்பட்ட 5.6.2 பதிப்பைக் காலின் 2024 மே 29 அன்று வெளியிட்டார்.