அனெட் ஃபுனிசெல்லோ

ஃபுனிசெல்லோ, அனெட் ஜோஆன் (22 அக்டோபர் 1942 – 8 ஏப்ரல் 2013): அமெரிக்க நடிகை, பாடகி. டிஸ்னியின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சிறுமியாக அறிமுகமாகி, 1963க்கும் 1965க்கும் இடையே வந்த ‘பீச் பார்ட்டி’ வரிசைப் படங்களின் நாயகியாகப் பெயர் பெற்றவர். அவர் நடித்த படங்களைத் திரைக்கலையின் சாதனைகள் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் இரண்டாம் உலகப் போரை ஒட்டிப் பிறந்த அமெரிக்கத் தலைமுறை, தன் கூடவே வளர்ந்த பெண்ணாக அவரை நினைத்தது. அந்த நினைப்பு தானாக உண்டானதல்ல. நிறுவனங்கள் அதைத் திட்டமிட்டு வளர்த்தன, காத்தன, விற்றன. அவரும் அதற்கு உண்மையாக நடந்துகொண்டார். பின்னாளில் அதற்கு விலையும் கொடுத்தார்.

நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரில், இத்தாலிய வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். நான்கு வயதில் குடும்பம் தெற்குக் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளைக்குக் கூச்ச சுபாவம் அதிகம் என்பதால் பெற்றோர் நடனத்துக்கும் இசைக்கும் அனுப்பினர். 1955இல் பர்பாங்க் நகரின் ஸ்டார்லைட் பவுல் திறந்தவெளி அரங்கில், ‘அன்னப் பொய்கை’ பாலே நடனத்தின் முதன்மை வேடத்தில் ஆடிய 12 வயதுச் சிறுமியை வால்ட் டிஸ்னி பார்த்தார். புதிதாகத் தொடங்கவிருந்த சிறுவர் நிகழ்ச்சிக்கு அவளை அழைத்தார்.

அந்த நிகழ்ச்சிதான் ‘மிக்கி மவுஸ் கிளப்’. டிஸ்னிலாந்து பூங்காவைக் கட்ட டிஸ்னிக்குப் பணம் தேவைப்பட்டது. ஏபிசி தொலைக்காட்சிக்கு நிகழ்ச்சிகள் தேவைப்பட்டன. இந்தக் கொடுக்கல் வாங்கலின் விளைவாக 1955 அக்டோபர் 3 முதல் வாரநாள்களில் மாலைதோறும் அது ஒளிபரப்பானது. எலிக்காதுத் தொப்பியும் பெயர் பொறித்த சட்டையும் அணிந்த ‘மவுஸ்கெட்டியர்’ சிறுவர் சிறுமியர் ஆடிப் பாடினர். தொடக்கக் குழுவில் கடைசியாகச் சேர்க்கப்பட்டவர் அனெட். முதல் பருவம் முடிவதற்குள் மாதத்துக்கு சுமார் 6,000 ரசிகர் கடிதங்கள் அவர் பெயருக்கு வந்தன. அவரைவிட நன்றாக ஆடியவர்களும் பாடியவர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். பள்ளி விட்டு வந்து தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்த பிள்ளைகளுக்கோ, பக்கத்து வீட்டில் இருக்கக்கூடிய ஒரு முகமே வேண்டியிருந்தது.

தன் குடும்பப் பெயர் வாயில் நுழையாதது என்று கருதி, டர்னர் என்று மாற்றிக்கொள்ள அவர் விரும்பினார். ஒருமுறை பழகிவிட்டால் மக்கள் இந்தப் பெயரை மறக்கவே மாட்டார்கள் என்று டிஸ்னி தடுத்துவிட்டார். கூச்சத்தைப் போக்க மனநல ஆலோசகரிடம் போகலாமா என்று கேட்டபோதும், அந்தக் கூச்சம்தான் உன்னிடம் எல்லோருக்கும் பிடித்தது என்ற பொருளில் பதில் வந்தது. தந்தைக்குரிய பரிவும் முதலாளிக்குரிய கணக்கும் ஒன்றாகக் கலந்திருந்த உறவு அது. கடைசிவரை அனெட் அவரைத் ‘திரு. டிஸ்னி’ என்றே அழைத்தார். ஒரு குறையும் சொன்னதில்லை. 1959இல் நிகழ்ச்சி நின்று மற்றப் பிள்ளைகள் விடைபெற்றபோது, அனெட்டின் ஒப்பந்தம் மட்டும் நீடித்தது. படப்பிடிப்பு நடந்த பர்பாங்க் முதலாம் தளத்துக்கு 2013இல் டிஸ்னி நிறுவனம் அவர் பெயரையே சூட்டியது.

பாடகியானதும் ஏறக்குறைய இப்படித்தான். 1958இல் ஒளிபரப்பான ‘அனெட்’ என்ற தொடரில் பாடிய ஒரு பாட்டுக்கு நேயர்கள் காட்டிய வரவேற்பால் இசைத்தட்டு ஒப்பந்தம் கிடைத்தது. அவருடைய குரல் சிறியது, அவருக்கும் அது தெரியும். ஒலிப்பதிவை நடத்திய டுட்டி கமராட்டா, அதே குரலை இரண்டு முறை பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எதிரொலியும் சேர்த்து ஒரு தனி ஓசையை உண்டாக்கினார். ‘டால் பால்’ 1959இல் அமெரிக்கப் பாடல் தரவரிசையில் 7ஆம் இடத்தைத் தொட்டது. அதை எழுதியதில் பங்குள்ள ராபர்ட் ஷெர்மன், ரிச்சர்ட் ஷெர்மன் சகோதரர்கள் அதன் வழியே டிஸ்னியின் பார்வைக்கு வந்து, சில ஆண்டுகளில் ‘மேரி பாப்பின்ஸ்’ படத்துக்குப் பாடல்கள் தந்தார்கள். கனடாப் பாடகர் பால் அங்கா ‘பப்பி லவ்’ பாட்டை அனெட்டை நினைத்தே எழுதினார். டிஸ்னியின் ‘தி ஷேகி டாக்’ (1959) படத்தில் சிறு வேடமும், ‘பேப்ஸ் இன் டாய்லேண்ட்’ (1961) இசைப்படத்தில் நாயகி வேடமும் கிடைத்தன.

கடற்கரைப் படங்கள்

அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ், ஜேம்ஸ் நிக்கல்சனும் சாமுவேல் ஆர்க்காஃபும் தொடங்கிய சிக்கனப் பட நிறுவனம். பெற்றோர் வீட்டில் தொலைக்காட்சி பார்க்கிறார்கள், காரை எடுத்துக்கொண்டு திறந்தவெளித் திரையரங்குக்கு வருவது பதின்வயதினர்தான் என்று இவர்கள் கணக்குப் போட்டார்கள். அதுவரை அவர்களுக்குப் பேய்ப் படங்களும் முரட்டு இளைஞர் படங்களும் காட்டிவந்தனர். 1959இல் கொலம்பியாவின் ‘கிட்ஜெட்’ படம் அலைச்சறுக்கு விளையாட்டை நாடெங்கும் பரப்பியிருந்தது. அந்த அலையில் ஏறிக்கொள்ள, தொலைக்காட்சி நகைச்சுவையில் தேர்ந்த வில்லியம் ஆஷரை இயக்குநராக்கி, ‘பீச் பார்ட்டி’யை 1963 ஆகஸ்டில் வெளியிட்டார்கள். நாயகன், ஃபிலடெல்ஃபியாவின் பாடகர் ஃப்ராங்கி அவலான். நாயகியை டிஸ்னியிடமிருந்து இரவல் வாங்கினார்கள்.

கதை இவ்வளவுதான். ஃப்ராங்கி தன் காதலி டோலரஸுடன் கடற்கரை வீடொன்றில் தனித்திருக்கத் திட்டமிடுகிறான். தன் மீதே நம்பிக்கையில்லாத அவள், நண்பர் கூட்டத்தையே முன்கூட்டி அங்கே வரச்சொல்லிவிடுகிறாள். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மானிடவியல் பேராசிரியர் தொலைநோக்கியில் இவர்களை ஆய்வுசெய்கிறார். படம் எதிர்பார்த்ததைவிட நன்றாக ஓடியது. ‘மஸில் பீச் பார்ட்டி’, ‘பிகினி பீச்’, ‘பஜாமா பார்ட்டி’ மூன்றும் 1964இல் வந்தன. ‘பீச் பிளாங்கெட் பிங்கோ’, ‘ஹவ் டு ஸ்டஃப் எ வைல்டு பிகினி’ இரண்டும் 1965இல். எல்லாவற்றிலும் அச்சு ஒன்றே. அவளுக்குத் திருமணம் வேண்டும், அவனுக்கு அலை வேண்டும். அவன் இன்னொருத்தியிடம் மயங்குவான், இவள் இன்னொருவனோடு பழகுவதுபோல் காட்டுவாள், கடைசியில் சேர்ந்துவிடுவார்கள்.

கோடையில் திரைக்கு வரவேண்டிய படங்களைக் குளிர்காலத்தில் மாலிபு கரையில் எடுத்தார்கள். நீச்சலுடையில் சிரித்தபடி ஆடியவர்கள் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பலகையில் நின்று அலையேறும் காட்சிகளுக்கு மிக்கி டோரா போன்ற உண்மையான சறுக்கு வீரர்கள் வந்தார்கள். இப்படங்களின் உலகில் பள்ளி இல்லை, பெற்றோர் இல்லை, வேலை இல்லை. ‘பீச் பார்ட்டி’ வந்த அதே ஆகஸ்டில்தான் மார்ட்டின் லூதர் கிங்கின் வாஷிங்டன் பேரணி நடந்தது. படத்தின் மணலில் ஆடுபவர்களோ ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர்கள். அடுத்த படத்தில் சிறுவன் ஸ்டீவி வொண்டர் முதன்முறையாகத் திரையில் தோன்றிப் பாடினான், அது மட்டும் விலக்கு. இப்படங்களில் இன்றும் ரசிக்கத்தக்கவை ஓரங்களில்தான் இருக்கின்றன. மோட்டார் சைக்கிள் கும்பல் தலைவன் எரிக் வான் ஸிப்பராக ஹார்வி லெம்பெக், மார்லன் பிராண்டோவைக் கேலிசெய்யும் காட்சிகள், மௌனப்பட மேதை பஸ்டர் கீட்டன் முதுமையில் செய்த சின்னச் சின்ன வேடங்கள், டிக் டேலின் கிட்டார் ஆகியவை அவை.

அனெட்டின் நீச்சலுடை பற்றி ஒரு கதை நிலைத்துவிட்டது: தொப்புள் தெரிய உடுத்த வேண்டாம் என்று டிஸ்னி கேட்டார், அவரும் கடைசிவரை அப்படியே இருந்தார் என்பது. டிஸ்னி கேட்டது உண்மை. ஆனால் ‘பீச் பார்ட்டி’யிலேயே இளஞ்சிவப்பு நிற இருதுண்டு உடையில் அவர் வருகிறார், ‘பிகினி பீச்’ படத்தில் தொப்புள் நன்றாகவே தெரிகிறது. படத்தில் கண்ணெதிரே இருந்ததைக்கூட ரசிகர்கள் பார்க்க மறுத்திருக்கிறார்கள். எலிக்காதுத் தொப்பியில் கண்ட சிறுமியே அவர்களுக்கு வேண்டியிருந்தாள்.

1965 ஜனவரியில் தன் முகவர் ஜாக் கிலார்டியை மணந்தார், மூன்று பிள்ளைகள். அவ்வாண்டின் கடைசிக் கடற்கரைப் படத்தில் கர்ப்பிணியாக இருந்ததை மறைக்கத் தொளதொள உடைகளில் நடித்தார். அதற்குள் பீட்டில்ஸ் வந்து இசை மாறிவிட்டது. வியட்நாம் போர் சூடுபிடித்தது. நிறுவனம் கார்ப்பந்தயப் படங்களுக்கும், ‘தி வைல்டு ஏஞ்சல்ஸ்’ (1966) போன்ற மோட்டார் சைக்கிள் படங்களுக்கும் தாவியது. ‘ஃபயர்பால் 500’, ‘தண்டர் ஆலி’ இரண்டிலும் அனெட் நடித்தார். 1968இல் மங்கீஸ் குழுவின் ‘ஹெட்’ படத்தில் தோன்றிய பின், திரையை விட்டுப் பெரும்பாலும் விலகி வீட்டைக் கவனித்தார். அடுத்த தலைமுறைக்கு அவர் ஸ்கிப்பி நிலக்கடலை வெண்ணெய் விளம்பரத்தில் வரும் அம்மா.

நோயும் பிற்காலமும்

முதல் திருமணம் முறிந்த பின், 1986இல் குதிரைப் பயிற்சியாளர் கிளென் ஹோல்ட்டை மணந்தார். மறு ஆண்டு ஃப்ராங்கியோடு ‘பேக் டு தி பீச்’ படம். ஒஹையோவில் சலித்துக் கிடக்கும் நடுவயதுத் தம்பதியாகத் தங்களையே இருவரும் கிண்டலடித்துக்கொண்டார்கள். அனெட்டின் சமையலறை அலமாரி முழுக்க நிலக்கடலை வெண்ணெய் டப்பாக்கள். அவர் முகத்தின் மாறாத சிரிப்பை வைத்தே அத்தனை நகைச்சுவையையும் கட்டியிருந்ததால், மூலப் படங்களைவிட இது கூர்மையானது.

அந்தக் காலத்தில்தான் நடை தடுமாறியது, பார்வையிலும் கோளாறு தெரிந்தது. மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்று மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு இழைகளின் மயலின் உறையை உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தாக்கி அழிக்கும் நோய் இது. ஐந்தாண்டுகளாக அவர் வெளியே சொல்லவில்லை. ஃப்ராங்கியோடு மேடை நிகழ்ச்சிகளுக்கும் போய்வந்தார். தள்ளாடுவதைப் பார்த்தவர்கள் குடித்திருக்கிறார் என்று நினைக்கத் தொடங்கிவிடுவார்களோ என்று அஞ்சியே 1992இல் அறிவித்தார். நல்ல பிள்ளை என்ற பெயருக்காகத் தன் நோயைக்கூட ஊரறியச் சொல்ல வேண்டியிருந்தது. அறிவித்த பிறகு, அதே பெயர் நோயாளிகளுக்குப் பயன்பட்டது: 1993இல் நரம்பு நோய் ஆய்வுக்காகத் தன் பெயரில் ஒரு நிதியத்தை நிறுவினார். 1992இல் டிஸ்னி நிறுவனம் அவரைத் தன் ‘டிஸ்னி லெஜண்ட்’ வரிசையில் சேர்த்தது. 1993இல் ஹாலிவுட் நடைபாதையில் நட்சத்திரம் பதிக்கப்பட்டது. 1994இல் தன்வரலாறு வெளிவந்து, மறு ஆண்டு தொலைக்காட்சிப் படமானது.

2004இல் நடக்கும் ஆற்றலையும் 2009இல் பேச்சையும் இழந்தார். 2011இல் என்சினோவில் அவர்கள் குடியிருந்த வீடு தீப்பிடித்த பின், பேக்கர்ஸ்ஃபீல்டுக்கு அருகிலுள்ள ஷாஃப்டரில் ஹோல்ட்டின் வீட்டுக்குப் போனார்கள். 2012 அக்டோபரில் கனடாவின் சிடிவி ஒளிபரப்பிய ஆவணப்படம், முழுநேரப் பராமரிப்பில் இருந்த அவரைக் காட்டியது. ரசிகர்களுக்கு நிலைமை தெரியட்டும் என்று கணவர்தான் அனுமதித்திருந்தார். 2013 ஏப்ரல் 8 அன்று பேக்கர்ஸ்ஃபீல்டு மருத்துவமனையில், நோயின் சிக்கல்களால், 70ஆம் வயதில் காலமானார்.