வேஷம் யாருக்கு? பேராதனை சொன்ன பதில்

பழவேற்காட்டு ஏரிக்கரையில் 'பாடு' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஊர்க்காரர்கள் ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. சீட்டில் எந்த இடம் விழுகிறதோ அதுதான் அவரவர் இடம். அவர் கெட்டிக்காரரா, புதிதாக வலை பிடித்தவரா என்று யாரும் பார்ப்பதில்லை. வயிற்றுப்பாட்டுக்கு இதைவிட நியாயமான முறை இருக்க முடியாது.

ஆனால் நாடகத்தில் வேஷத்தைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்க முடியாது. அங்கே 'பாடு' என்பது கட்டளை. பாடிக் காட்ட வேண்டும், யாரோ ஒருவர் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு 'நீ ராஜா, நீ சேவகன்' என்று சொல்ல வேண்டும். இதற்கு இப்போது ஆடிஷன் என்கிறார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தச் சொல் சிறு வயதிலேயே பழக்கம். பிரெஞ்சில் அதற்கு முதல் பொருள் 'கேட்டல்'. மூலமான லத்தீனிலும் அப்படியே. பாடுகிறவரைவிடக் கேட்கிறவரைச் சுட்டும் சொல் அது. என் கட்டுரைக்கும் அதுதான் விஷயம். பல்கலைக்கழக மேடைக்கு ஆள் எடுக்கும்போது யாருடைய காது கேட்டது, எதைக் கேட்டது?

முதலில் பழைய கதை. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பையன்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பாய்ஸ் கம்பெனிகளில் பையனைச் சேர்க்கும்போது முதலில் பார்ப்பது சாரீரம். ஒலிபெருக்கி இல்லாத காலம். கொட்டகையின் கடைசி வரிசைக்குக் கேட்காத குரலுக்கு அங்கே வேலை இல்லை. நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பையனுக்கும் 'மகரக்கட்டு' வந்து குரல் உடைந்தால் பெரிய வேஷம் கைவிட்டுப் போகும். அதே சுவாமிகள்தான் சிறுவன் தி.க. சண்முகத்துக்காக ஒரே இரவில் 'அபிமன்யு சுந்தரி'யை எழுதிக் கொடுத்தார் என்பார்கள். வேஷத்துக்குப் பையனைத் தேடாமல் பையனுக்கு வேஷம் எழுதினார். அப்படிப்பட்டவர் 1922இல் எங்கள் புதுச்சேரியில்தான் காலமானார். புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

படித்தவர்களின் பக்கத்தில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. பிறகு அந்தச் சபையில் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கூலி வாங்காமல் நடித்தார்கள். பெண் வேஷமும் ஆண்களுக்கே. வழக்கறிஞர் ரங்கவடிவேலு கட்டிய நாயகி வேஷங்களைப் பார்க்கவே கூட்டம் வரும். நாடகம் கூத்தாடிகளின் பிழைப்பு என்ற இளக்காரத்தை இவர்கள் ஓரளவு போக்கினார்கள். ஆனால் தெருக்கூத்து ஆடிய ஏழை அந்தச் சபையின் வாசற்படி ஏறவில்லை.

அடுத்துப் பல்கலைக்கழகங்கள். ஐரோப்பாவில் மாணவர் நாடகம் பெரிய பாரம்பரியம். 1936இல் பாரிஸ் சோர்போன் மாணவர்கள் பழங்கிரேக்க நாடகத்துக்கென்றே ஒரு குழு அமைத்து, ஈஸ்கிலஸின் 'பெர்சியர்கள்' நாடகத்தை நடித்தார்கள். இறந்துபோன மன்னன் தாரியஸின் ஆவியாக வந்த மாணவர் பெயர் ரோலான் பார்த். பிற்காலத்தில் உலகம் அறிந்த எழுத்தாளர். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய நாடகத்தை அவர்கள் ஏட்டிலிருந்து தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. கற்றுத்தர அந்தக் கூத்தை ஆடிய கிழவர் எவரும் உயிரோடு இல்லை.

நம் பக்கத்துக் கல்லூரிகளிலும் இலங்கையிலும் அப்போது ஆங்கில நாடகமே கௌரவம். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் தொடங்கியது. பேராசிரியர் லுடோவைக் ஆங்கில நாடகங்களை உயர்ந்த தரத்தில் மேடையேற்றினார். அவர் பணியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆங்கில நாடகத்துக்கு ஆள் எடுத்தால் உச்சரிப்பில் தேறாதவன் வரிசையில் நிற்கவே கூசுவான். இதை என் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். என் பள்ளியில் மோலியேர் நாடகம் ஒன்றுக்கு ஒவ்வொருவரையும் ஒரு பத்தி வாசிக்கச் சொன்னார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு 'ர' தொண்டையில் பிறக்கும். நமக்கோ நாக்கு நுனியில் உருளும். வசனம் முழுவதையும் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். ஆனாலும் எனக்குக் கிடைத்தது நாற்காலி தூக்கி வரும் வேலைக்காரன், பேச்சில்லாத வேஷம். ஆசிரியர் காதில் என் 'ர' மட்டும்தான் விழுந்தது. கோபம் எப்போதோ போய்விட்டது. ஆனால் கேட்கிறவர் எதற்குப் பழகியிருக்கிறாரோ அதையே கேட்பார் என்பது அன்றைக்கே புரிந்தது.

இந்தக் காதை மாற்றிய முதல் ஆள் என்று பேராசிரியர் க. கணபதிப்பிள்ளையைச் சொல்லலாம். லண்டனில் ஆய்வு செய்து பட்டம் பெற்ற மொழியியல் அறிஞர். அவர் நாடகம் எழுதியதோ யாழ்ப்பாணத்து வீட்டுப் பேச்சில். 'உடையார் மிடுக்கு', 'நாட்டவன் நகர வாழ்க்கை' முதலான நான்கு நாடகங்கள் 'நானாடகம்' என்ற பெயரில் 1940இல் நூலாயின. வீட்டில் ஆச்சி பேசும் பேச்சையே மேடையில் பேச வேண்டுமென்றால், யார் நல்ல நடிகர் என்ற கணக்கே மாறிவிடுகிறது. ஊர்ப் பேச்சை மறைக்கப் பாடுபட்ட மாணவனுக்கு அதுவே தகுதியாகிவிட்டது.

இரண்டாவது மாற்றம் சிங்கள மேடையிலிருந்து வந்தது. பல்கலைக்கழகம் கண்டிக்கு அருகே பேராதனைக்கு மாறிய பின், பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956இல் மாணவர்களைக் கொண்டு 'மனமே' நாடகத்தை உருவாக்கினார். சிங்கள நாடகத்தின் வரலாற்றையே அது திருப்பிப்போட்டது. அவர் ஆதாரமாகக் கொண்ட 'நாடகம' என்ற கிராமிய ஆட்டமுறை, தமிழ் நாட்டுக்கூத்திலிருந்து சிங்களக் கடற்கரை மக்களிடம் போய்ச் சேர்ந்தது. பாட்டும் ஆட்டமும் சொல்லித்தரக் கிராமத்து நாடகக் குருவையே பல்கலைக்கழகத்துக்கு அழைத்து வந்தார். கைநாட்டுக் கலை என்று ஒதுக்கப்பட்டது பட்டதாரிகளுக்குப் பாடமானது.

நம்மிடமிருந்து போனதை அவர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாட, நம் கூத்து மட்டும் ஏன் திண்ணையில் கிடக்கிறது என்று தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தனுக்கு உறைத்தது. தெல்லிப்பழையில் 1924இல் பிறந்தவர், கணபதிப்பிள்ளையின் மாணவர். இலங்கைக் கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவர் என்ற முறையில் மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணம் என்று ஊர் ஊராகக் கூத்துப் பார்த்தார். அண்ணாவிமாரைத் தேடிப் போனார். 'அலங்காரரூபன்', 'எண்டிறீக் எம்பரதோர்' போன்ற கூத்து ஏடுகளை அச்சிட்டார். பிறகு 1962இல் பேராதனை மாணவர்களை வைத்துக் 'கர்ணன் போர்' போட்டார். 1963இல் 'நொண்டி நாடகம்', அறுபதுகளின் நடுவில் 'இராவணேசன்', அதன்பின் 'வாலி வதை'.

கூத்தாட என்ன தேவை என்று பார்த்தால், இதில் இருந்த புரட்சி விளங்கும். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என இரண்டு வகை. ஊர் கூடிக் கூத்துப் போட முடிவு செய்ததும் அண்ணாவியாரை அழைப்பார்கள். குரல், உடல்வாகு, தாளம் பிடிக்கும் திறமை எல்லாவற்றையும் பார்த்து வேஷம் பிரிப்பார்கள். நல்ல நாள் பார்த்து அவரவர் பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டைக் கொடுப்பதற்குச் 'சட்டங்கொடுத்தல்' என்று பெயர். ராப்பகலாகப் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, அதன் பிறகுதான் அரங்கேற்றம். வடமோடி ராஜாவுக்குக் கரப்புடுப்பு என்ற விரிந்த உடை. கரப்பு என்றால் மீன் பிடிக்கும் கூடை, நம் குப்பத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு, மத்தளத்தின் சொல்லுக்குக் கால் பிசகாமல் ஆடி, மூச்சு வாங்காமல் பாட வேண்டும்.

இந்தப் பரீட்சையில் நல்ல ஆங்கிலம் பேசுகிறவருக்குத் தனிச் சலுகை கிடையாது. பரீட்சை வைக்கும் தகுதி இப்போது அண்ணாவியாருக்கு. 'கர்ணன் போ'ருக்கு மாணவர்களைப் பழக்கியவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். பட்டம் பெற்றவரல்லர், பட்டம் பெறப் போகிறவர்களுக்கு ஆசான். கர்ணனாகவும், பிறகு இராவணனாகவும் ஆடியவர் சி. மௌனகுரு. வந்தாறுமூலைப் பள்ளியில் படிக்கும்போதே கூத்தாடியவர். விரிவுரை மண்டபத்தில் கிழக்கு மாகாணத்துக் கிராமத்துப் பையன் பின் வரிசைக்காரனாக இருக்கலாம். மத்தளம் ஒலித்ததும் அவன்தான் முன் வரிசை. அவன் ஊரில் இரவெல்லாம் கண் விழித்துப் பழகிய ஆட்டம், இங்கே வேறு யாரிடமும் இல்லாத தகுதிச் சான்றிதழ் ஆனது.

வித்தியானந்தன் கூத்தை அப்படியே தூக்கி வரவுமில்லை. விடிய விடிய ஆடுவதைச் சுருக்கி ஓரிரு மணி நேரத்துக்குள் அடக்கினார். நாலு பக்கமும் சனம் சூழ்ந்த வட்டக் களரியிலிருந்து ஒரு பக்கம் பார்க்கும் மேடைக்கு மாற்றினார். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், ஊர்க் கூத்தில் ஆண்களே கட்டிய பெண் வேஷத்துக்கு மாணவிகளைக் கொண்டுவந்தது. சுகுண விலாச சபை நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்துப் பெண் சதங்கை கட்டிக் கூத்தாட வருகிறாள் என்றால், அவள் தேற வேண்டிய பரீட்சை அண்ணாவியாரிடம் மட்டுமல்ல, வீட்டாரிடமும் உறவு முறையாரிடமும்தான். அந்த மாணவிகளின் துணிச்சலைப் பற்றி நம்மவர்கள் அதிகம் எழுதவில்லை என்பது என் வருத்தம்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. சுருக்கினால் கூத்து கூத்தாக இருக்குமா, ஊர்ச் சொத்தைப் படித்தவர்கள் கொண்டு போய்ச் சீர்திருத்துவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அண்ணாவியார் பல்கலைக்கழக வாசலுக்குள் ஆசிரியராக நுழைந்ததை அந்தக் கேள்வி இல்லை என்று ஆக்கிவிடாது. கர்ணனாக ஆடிய மாணவர் பின்னாளில் அந்தக் கூத்தையே ஆராய்ந்து பேராசிரியரானார். பல ஆண்டுகள் கழித்து, மட்டக்களப்பில் இளைய தலைமுறையைக் கொண்டு அதே 'இராவணேச'னை மறுபடி மேடையேற்றினார்.

தமிழ்நாட்டில் இந்த விழிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. 1977இல் காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் முதலானோர் நடத்திய நாடகப் பயிற்சி முகாம், அதே ஆண்டு ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, 1981இல் தஞ்சையில் எழுந்த தமிழ்ப் பல்கலைக்கழகம், பிறகு புதுவையில் இந்திரா பார்த்தசாரதி பொறுப்பேற்று உருவாக்கிய நாடகப் பள்ளி என்று வரிசையாகச் சொல்லலாம். புரிசை கண்ணப்பத் தம்பிரானிடம் பட்டணத்து நடிகர்கள் அடவு கற்கப் போனார்கள். பேராதனையில் செல்லையா அண்ணாவியாருக்குக் கிடைத்த இடம், இங்கே தம்பிரானுக்குக் கிடைத்தது.

முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தவன் நான். தட்டச்சு, குறிப்பெழுதுதல், நேர்முகம் என்று எத்தனையோ தேர்வுகளின் காகிதங்கள் என் மேசையைக் கடந்து போயின. விண்ணப்பப் படிவத்தில் இல்லாத கட்டத்துக்கு மதிப்பெண் போட முடியாது. ஒருவனிடம் எவ்வளவு திறமை இருந்தாலும், படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இல்லையென்றால் அது பூஜ்யம்தான். பேராதனையில் 1962இல் நடந்தது, அந்தப் படிவத்தில் ஒரு புதுக் கட்டம் சேர்த்த காரியம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நம் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தும் சுற்றுக் குப்பங்களிலிருந்தும் பிள்ளைகள் இப்போது பொன்னேரிக்கும் சென்னைக்கும் கல்லூரிக்குப் போகிறார்கள். திரௌபதியம்மன் திருவிழாக் கூத்தைத் தாத்தா மடியில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள். வலை இழுக்கும்போது பெரியவர்கள் எடுக்கும் ஏலப்பாட்டுக்குப் பின்பாட்டுப் பாடியவர்கள். கல்லூரி ஆண்டு விழாவுக்கு ஆள் எடுக்கும்போது இவர்கள் பெயர் கொடுக்காமல் ஒதுங்கி நிற்கிறார்கள் என்று ஒரு பெண்மணி என்னிடம் வருத்தப்பட்டார். பேரப்பிள்ளைகளிடம் இந்தக் கர்ணன் கதையைச் சொல்லுங்கள். முடிந்தால், அடுத்த திருவிழாவில் கூத்து வாத்தியாரிடம் ஓர் அடவாவது கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். பெயர் கொடுக்கும் நாளில் அது கையில் இருக்கட்டும்.