கல்லில் நிற்கும் சேதுபதியும் நம் கைப்பேசிப் படங்களும்



வெளியூரிலிருந்து உறவினர்கள் வந்துவிட்டால் நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பாம்பன் பாலம், ராமேசுவரம் கோயில், பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம், மதியச் சாப்பாடு, தனுஷ்கோடி, இருட்டுவதற்குள் வீடு. இரவு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இருநூறு படங்கள் வந்து விழும். பல படங்களில் நமக்குப் பின்னால் ஒரு சிலையோ தூணோ நினைவுச் சின்னமோ நிற்கும். அது யார், எந்தக் காலம் என்று பிள்ளைகள் கேட்டால் நாம் முழிப்போம்.

முதலில் கோயிலுக்கே போவோம். ராமேசுவரத்தின் மூன்றாம் பிரகாரத்தை, அதன் 1,212 தூண்களை, உலகமே அறியும். அதன் மேற்கு வாயில் பக்கம் ஒரு சிலை நிற்கிறது. அவர்தான் முத்துராமலிங்க சேதுபதி. அருகில் அவருடைய இரண்டு அமைச்சர்களின் சிலைகளும் உண்டு. குழந்தைப் பருவத்திலேயே பட்டத்துக்கு வந்தவர் அவர். பிரகாரத் திருப்பணி அவர் காலத்தில் நிறைவு பெற்றது. 1795-இல் ஆங்கிலேயர் அவரைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறை வைத்தார்கள். 1809-இல் சிறைவாசத்திலேயே இறந்தார். ஆட்சியைப் பறித்தவர்களால் அந்தச் சிலையை அங்கிருந்து எடுக்க முடியவில்லை. இன்றும் நாம் பிரகாரம் சுற்றும்போது அவரைக் கடந்துதான் போகிறோம்.

பிறகு அதே ஆங்கிலேயர்களே அந்தப் பிரகாரத்தைப் பார்த்து வாய்பிளந்தார்கள். இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை 1876-இல் நூலாக எழுதிய ஜேம்ஸ் பெர்குசன், இங்கிலாந்தின் பெரிய தேவாலயங்களைவிட இந்தப் பிரகாரம் நீளமானது என்று வியந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் புகைப்படக்காரர்களும் கனமான பெட்டிக் கேமராக்களோடு வந்து படமெடுத்துப் போனார்கள். இன்று நாம் பார்க்கும் வண்ணப் பூச்சு இல்லாத பழைய பிரகாரம் எப்படி இருந்தது என்பதை அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் சொல்கின்றன.

இப்போது அங்கே படமெடுக்க முடியாது. திருச்செந்தூர் கோயில் வழக்கில் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. சாமி கும்பிட வந்த இடத்தில் செல்ஃபி எடுப்பவர்களின் முழங்கை இடித்த அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தத் தடையின் நியாயம் புரியும். எனவே சேதுபதியைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். கலாம் நினைவிடத்திலும் வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், உள்ளே கூடாது.

ஆனால் யாரோ ஒருவர் முறையாக எடுத்து வைத்த படம் என்ன செய்யும் தெரியுமா? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து ஒரு நடராஜர் திருடுபோனார். 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அவரைச் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. எங்கள் கோயில் நடராஜர் இவர்தான் என்று எப்படி நிரூபிப்பது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்தே தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்து வருகிறது. அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவற்றில் இந்த நடராஜரும் இருந்தார். விருத்தாசலத்திலிருந்து திருடப்பட்டு சிட்னி போய்ச் சேர்ந்திருந்த அர்த்தநாரீசுவரருக்கும் அங்கே படம் இருந்தது. 2014 செப்டம்பரில் இருவரும் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். படம் இல்லாத சிலைகள் எத்தனையோ திரும்பாமலேயே போயிருக்கும்.

கோயிலுக்கு வெளியே வந்தால் சட்டம் நம் பக்கம்தான். பொது இடத்தில் நிரந்தரமாக வைக்கப்பட்ட சிற்பத்தைப் படமெடுப்பதும் அந்தப் படத்தை வெளியிடுவதும் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. வாஷிங்டனில் உள்ள கொரியப் போர் நினைவுச் சிற்பத்தின் புகைப்படத்தை அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலையில் அச்சிட்டது. சிற்பி வழக்குப் போட்டு 6 லட்சத்து 84 ஆயிரம் டாலருக்கு மேல் பெற்றார். வெளிநாட்டில் எடுத்த சிலைப் படத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தும் எண்ணம் இருந்தால் அந்த ஊர்ச் சட்டத்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நம் கரையில் படமெடுக்க நல்ல இடம் குந்துகால். சிகாகோ சென்று திரும்பிய விவேகானந்தர், இலங்கை வழியாக 1897 ஜனவரி 26 அன்று பாம்பனில் வந்து இறங்கினார். வரவேற்றவர் பாஸ்கர சேதுபதி. அந்த வருகையின் நினைவாக அவர் எழுப்பிய தூணில் பொறிக்கச் செய்த வாசகம் 'சத்யமேவ ஜயதே'. சரியாக 53 ஆண்டுகள் கழித்து, 1950 ஜனவரி 26 அன்று, அதே வாசகம் நம் அரசுச் சின்னத்தில் இடம்பெற்றது. இன்று குந்துகாலில் உள்ள விவேகானந்தர் நினைவு மண்டபத்துக்குப் போனால் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

தனுஷ்கோடிக்குப் போனால் எல்லோரும் எடுப்பது இடிந்த தேவாலயத்தை. 1964 டிசம்பர் 22 இரவு புயல் அடிப்பதற்கு முன் அங்கே ரயில் நிலையமும் வீடுகளும் கடைகளும் இருந்தன. ஊரோடு சேர்ந்து வீட்டுப் படங்களும் கடலுக்குள் போய்விட்டன. அந்தத் தேவாலயத்தில் பூசை நடந்த நாளில் யாராவது எடுத்த படம் ஒன்று கிடைத்தால் நமக்கு எவ்வளவு பெரிய பொக்கிஷம்!

சிலைகள் இடம் மாறவும் செய்யும். நம் ஊரில் வாளி போட்டு மொண்டு ஊற்றும் தீர்த்தக் கிணறுகள்தான் உண்டு. சிங்கப்பூரிலோ மெர்லயன் சிலை வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். 1972-இல் வைத்த அந்தச் சிலையின் முகப்பை 1997-இல் கட்டிய பாலம் மறைத்துவிட்டது. 2002-இல் சிலையை 120 மீட்டர் தள்ளி வைத்தார்கள். உங்கள் வீட்டில் பழைய சிங்கப்பூர் ஆல்பம் இருந்தால் பாருங்கள், சிலை வேறு இடத்தில் நிற்கும்.

ஆகவே அடுத்த முறை போகும்போது இப்படிச் செய்து பாருங்கள். குடும்பத்தோடு ஒரு படம் எடுத்த பிறகு, ஆள் இல்லாமல் சிலையை முழுதாக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம், பீடத்தில் உள்ள கல்வெட்டை எழுத்து தெரியும்படி ஒரு படம், சுற்றுப்புறத்தோடு ஒரு படம். உப்புக் காற்று எழுத்தைத் தின்றுவிடும். பெயிண்ட் அடிப்பவர் மிச்சத்தை மூடிவிடுவார். தலைவர் சிலைகளின் பீடத்தில் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்தி எடுக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் தேதியும் இடமும் எழுதி வையுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், தாத்தா பாட்டியின் டிரங்குப் பெட்டியில், 1964-க்கு முந்தைய தனுஷ்கோடிப் படமோ பழைய பாம்பன் படமோ இருந்தால் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்துவிட்டு உங்கள் கையிலேயே திருப்பித் தருகிறோம். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால், அவரிடம் இன்றைக்கே கேட்டுப் பின்பக்கம் எழுதிவிடுங்கள்.