துணி மூட்டையும் துப்பாக்கியும்

பழைய கார்பைனின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி என்று காலடிப்பேட்டை மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். "பூட்டுத் தகட்டைப் பாருப்பா" என்றேன்.

குதிரைப்படையினரின் இந்தக் குட்டைத் துப்பாக்கியில், நான்காகப் பிரிந்த இதய வடிவமும் 'வி.இ.ஐ.சி.' எழுத்துகளும் இருந்தால் அது கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. சுமார் 1808க்கு முந்தியது. கிரீடம் ஏந்திய சிங்கம் இருந்தால் அதற்குப் பிந்தியது. 1858இல் கம்பெனி ஆட்சி முடிந்து, ராணியின் கிரீடம் வந்தது. பூட்டை மட்டும் மாற்றியிருப்பார்கள். போலி முத்திரையும் உண்டு. குழல், கட்டை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கணும்.

அந்த இதய முத்திரை, கம்பெனி தன் சரக்கு மூட்டைகளில் இட்ட வணிகக் குறி. காலடிப்பேட்டையோ, கவர்னர் ஜோசப் காலெட் (1717–20) நெசவாளர்களைக் குடியேற்றிய 'காலெட்பேட்டை'. நம்மவர் நெய்த துணிக்கும் நம்மை அடக்கிய துப்பாக்கிக்கும் ஒரே முத்திரை! தம்பிகளே, துப்பாக்கியில் வருடத்தோடு இதையும் படியுங்கள்.