முஷியும் பூச்சியும்

வெல்லாவெளிப் பக்கம் இருட்டிய பிறகு வயல் வரம்பால் போக வெளிக்கிடுகிறவனுக்கு வீட்டிலிருக்கும் மூத்தவர் சொல்லி அனுப்புவது இதுதான்: "பூச்சி கிடக்கும் மனே, ரோச்சப் புடிச்சிட்டுப் போ." அவர் நினைப்பது வண்டையோ தும்பியையோ அல்ல, பாம்பை. இரவில் பாம்பைப் பெயர் சொல்லிப் பேசினால் அது வந்துவிடும் என்ற பயம் பெற்ற மாற்றுப்பெயர் அது. தமிழ் வழங்கும் பல ஊர்களில் இந்த வழக்கம் உண்டு. மட்டக்களப்பின் படுவான்கரையில் காடும் வயலும் குளமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பதால், இங்கே அதற்கு வேலை அதிகம்.

யப்பானிய மொழியில் இதே வேலையைச் செய்கிற சொல் முஷி. அந்தச் சொல்லைப் பெயரில் சுமந்த ஓர் அனிமேத் தொடரைத்தான், அனிமே பக்கம் எட்டியும் பாராதவர்களுக்கு நான் முதலில் சொல்வேன். தொடரின் பெயர் முஷிஷி. யூகி உருஷிபாரா 1999இல் வரையத் தொடங்கி 2008இல் முடித்த பத்துத் தொகுதிப் படக்கதை அது. ஹிரோஷி நாகஹாமாவின் இயக்கத்தில் ஆர்ட்லாண்ட் நிறுவனம் 2005–2006இல் அதை 26 பகுதிகளாக்கியது. 2014இல் இரண்டாம் பருவம் வந்தது. வெள்ளை முடியும் ஒற்றைப் பச்சைக் கண்ணும் கொண்ட கிங்கோ என்பவன், முதுகில் மரப்பெட்டியைச் சுமந்து மலையூர்கள்தோறும் நடக்கிறான். போகிற ஊரில் யாருக்கோ முஷியால் ஒரு வருத்தம் இருக்கிறது. பார்க்கிறான், முடிந்ததைச் செய்கிறான், அடுத்த ஊருக்குப் போகிறான். ஒரு பகுதிக்கும் மறுபகுதிக்கும் அவனைத் தவிரப் பெரிய தொடர்பு கிடையாது. சண்டை இல்லை, வில்லன் இல்லை, அலறல் இல்லை.

அமானுஷ்யக் கதை என்று கேட்டதும் நம் ஆட்களுக்குப் பேயோட்டுகிறவர் நினைவுக்கு வருவார். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்லிச் சொல்லியே மந்திரத்துக்குப் பெயரெடுத்த நாடு இது. அந்த எதிர்பார்ப்போடு முஷிஷியின் முன் அமர்ந்தால் ஒன்றும் கிடைக்காது. கட்டவோ விரட்டவோ எரிக்கவோ அதில் ஒரு பேயும் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு விடை பெயருக்குள்ளேயே இருப்பதால், பெயரின் வழியிலேயே தொடருக்குள் போகலாம்.

தலைப்பை உருஷிபாரா எழுதியிருக்கும் விதத்தைப் பாருங்கள். இன்றைய யப்பானியர் முஷி என்பதற்கு ஒற்றைப் பூச்சி வடிவத்தை எழுதுகிறார்கள். தலைப்பில் இருப்பதோ பழைய எழுத்து: அதே வடிவம் மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக மூன்று முறை வருகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எழுத்துகளை எளிமைப்படுத்தியபோது மூன்று ஒன்றாகிப் போனது. ஆனால் தொடக்கத்தில் ஒற்றையும் மும்மையும் வேறு வேறு எழுத்துகள். ஒற்றை எழுத்து, தலை பெருத்து உடல் வளைந்த நச்சுப் பாம்பின் படம். கி.பி. 100 அளவில் ஷூ ஷென் என்ற சீன அறிஞர் முடித்த ஷுவோவென் என்ற எழுத்தகராதியும் அதற்கு விரியன் வகைப் பாம்பு என்றே பொருள் சொல்கிறது. நம் ஊரில் பாம்பு பூச்சியானது. சீனத்தில் பாம்பை வரைந்த எழுத்தே பூச்சிக்கு எழுத்தானது. யப்பானிலோ இன்றும் விரியனுக்குப் பெயர் மாமுஷி. பொதுவாகப் பாம்பை 'நீள முஷி' என்று சொல்வதும் உண்டு.

மூன்று பூச்சி எழுத்தின் வீச்சு இன்னும் பெரிது. தா தாய் லீஜி என்ற பழஞ்சீன நூல் உயிர்களை ஐந்து கூட்டமாகப் பிரிக்கிறது: இறகுள்ளவை, மயிருள்ளவை, ஓடுள்ளவை, செதிலுள்ளவை, ஒன்றுமில்லாத வெற்றுடம்பு கொண்டவை. ஐந்துக்கும் பொதுப்பெயர் இதே எழுத்துத்தான். செதிலுள்ளவற்றின் தலைமை டிராகனுக்கு. வெற்றுடம்புக் கூட்டம் மனிதரும் சேர்ந்தது. அதன் தலைமை ஞானிக்கு. ஷுயிஹு சுவான் நாவலில் வூ சோங் வெறுங்கையால் அடித்துக் கொல்லும் புலியும் 'பெரும்பூச்சி' என்றே பேசப்படுகிறது. ஆக அந்த எழுத்து ஒரு காலத்தில் உயிருள்ள எதையும் உள்ளே விட்டது. உருஷிபாரா பழைய வடிவத்தைத் தேடிப் போனதற்குக் காரணம் அலங்காரம் மட்டும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

யப்பானுக்குள் வந்த பிறகு முஷி மனித உடம்புக்குள்ளும் குடியேறியது. கோபம் ஆறாதவனைப் பற்றி, வயிற்று முஷி இன்னும் அடங்கவில்லை என்பார்கள். சிடுசிடுப்பவனுக்கு முஷி இருக்கிற இடம் சரியில்லை. ஏதோ நடக்கப் போகிறது என்று மனம் முன்கூட்டி உணர்ந்தால் அது முஷி தந்த சேதி. அழுமூஞ்சிப் பிள்ளை 'அழுமுஷி'. இவை வெறும் பேச்சு வழக்காக மட்டும் இருக்கவில்லை. 1568இல் எழுதப்பட்ட ஹரிகிகிகாகி என்ற ஊசி வைத்தியச் சுவடி, நோய் தரும் 63 முஷிகளை வண்ணத்தில் வரைந்து, எது எங்கே இருக்கும், எப்படித் தீர்க்கலாம் என்று சொல்கிறது. கியூஷு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சுவடியின் படங்களில் பயங்கரம் குறைவு. கொம்பும் வாலும் விழித்த கண்ணுமாக, தங்களுக்கென்று வேலையுள்ள சிறு பிராணிகள் போலத்தான் இருக்கின்றன.

கோஷின் என்ற நம்பிக்கையும் உண்டு. உடம்புக்குள் மூன்று முஷிகள் வசிக்கின்றன. அறுபது நாளுக்கு ஒரு தடவை வரும் கோஷின் இரவில் மனிதன் தூங்கியதும் அவை வெளியேறி, மேலுலக அரசனிடம் அவன் செய்த குற்றங்களை ஒப்புவிக்கும். அதனால் அந்த இரவில் ஊரே விழித்திருந்தது. சித்திரகுப்தனின் ஏட்டை நம் வயிற்றுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தது போன்ற நம்பிக்கை.

இப்போது தமிழுக்குத் திரும்புவோம். வயிற்றில் பூச்சி என்கிறோம். பிள்ளைகளுக்குப் பூச்சிமருந்து கொடுக்கிறோம். முகத்தைக் கோணி விழியை உருட்டிக் குழந்தையைப் பயமுறுத்துவதற்குப் பூச்சி காட்டுதல் என்று பெயர். சோறு உண்ணாத பிள்ளையைப் பிடிக்க வருகிறவன் பூச்சாண்டி. ஊர்வது, உள்ளே இருப்பது, பெயர் சொல்லக் கூடாதது, இருட்டில் நிற்பது என்று இத்தனையையும் பூச்சி என்ற ஒரு சொல் தாங்குகிறது. முஷி தாங்குவதும் ஏறக்குறைய இதே சுமைதான். இரண்டு மொழிக்கும் உறவு எதையும் நான் கோரவில்லை. கண்ணுக்குச் சரியாகப் படாத உயிரோடு ஒரே வீட்டில் வாழ்ந்த மக்கள் இரண்டு இடத்தில் ஒரே மாதிரிப் பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது இடமும் உண்டு. ஆங்கிலத்தில் பக் என்ற சொல் பூச்சியைக் குறிக்கும் முன்பே, இருளில் பயமுறுத்தும் பிசாசைக் குறித்தது. 1535இல் கவர்டேல் அச்சிட்ட பைபிளில் 91ஆம் சங்கீதத்தின் இரவு அச்சத்துக்கு இந்தச் சொல்லே வருவதால், அதற்குப் 'பக் பைபிள்' என்றே பட்டப்பெயர் உண்டு. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அந்தப் பிசாசு செத்துவிட்டது. முஷிஷியைக் கட்சுஹிரோ ஒட்டோமோ நடிகர்களை வைத்துப் படமாக எடுத்தபோது அதற்கு ஆங்கிலத்தில் பக்மாஸ்டர் என்றும் ஒரு பெயர் வைத்தார்கள். பூச்சிகளை ஆட்டிப் படைக்கும் ஒருவனின் சாகசப் படம் என்று நினைக்க வைக்கும் பெயர். கதையில் இருப்பதற்கு நேர் எதிர். அனிமேக்கு ஆங்கில வசனவரி எழுதியவர்கள் முஷி என்பதை அப்படியே விட்டது அதைவிட நல்ல முடிவு.

முஷிஷி என்ற பெயரின் கடைசி அசையான 'ஷி' ஆட்டிப் படைப்பவனைச் சொல்லவில்லை. வைத்தியர், மீனவர், வேட்டைக்காரர், ஆசிரியர் ஆகியோருக்கான யப்பானியச் சொற்களின் முடிவில் நிற்பதும் அதே ஷிதான். ஒரு துறையைக் கைப்பழக்கமாகக் கற்றவர் என்று பொருள். நம்மிடம் அதற்குப் பரியாரியார் இருக்கிறார். பூச்சி கடித்தவனைக் கொண்டுபோனால் கடிவாயைப் பார்த்து எந்தப் பூச்சி என்று சொல்லக்கூடிய விஷகடிப் பரியாரியார், பாம்பை ஒருநாளும் பகைவனாகப் பேசமாட்டார். அது தன்பாட்டில் கிடந்தது, இவன் மிதித்தான் என்பதுதான் அவருடைய விளக்கமாக இருக்கும். கிங்கோவின் போக்கும் இதுவே. முஷி மனிதனைக் கெடுக்க வரவில்லை. தன் வாழ்வை வாழ்கிறது. அந்த வாழ்வு மனித வாழ்வின் மேல் படுகிற இடத்தில் நோய் வருகிறது.

முதற் பகுதியில் கிங்கோ தன் கையைக் காட்டி முஷியை விளக்கும் காட்சி ஒன்று வருகிறது. நான்கு விரலும் விலங்குகள், பெருவிரல் தாவரம். நடுவிரலின் நுனியில் மனிதன். விரலிலிருந்து உள்ளங்கைக்கு இறங்க இறங்க உயிர்கள் எளிமையாகின்றன. மணிக்கட்டில் பூஞ்சணமும் நுண்ணுயிரும். அங்கே விலங்கு எது தாவரம் எது என்று பிரிக்க முடியாது. அதையும் தாண்டிக் கைவழியே ஏறித் தோளைக் கடந்து நெஞ்சுக்கு வந்தால், அங்கே இருப்பவை முஷி. தொல்காப்பிய மரபியல் படித்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். புல்லும் மரமும் ஓரறிவு, சிதலும் எறும்பும் மூவறிவு, நண்டும் தும்பியும் நான்கறிவு என்று ஏறி மக்களில் ஆறறிவாக முடியும் வரிசை அது. தொல்காப்பியரிடம் மனிதன் உச்சியில் நிற்கிறான். கிங்கோவின் கையிலும் உச்சிதான், ஆனால் நெஞ்சுக்கு மிகத் தூரமான உச்சி. எனக்கு இந்தத் தொடரில் மிகவும் பிடித்த சிந்தனை இது.

புதிதாகப் பார்க்கிறவர்கள் முதற் பகுதியில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. நம் பக்கத்தவருக்கு நான் மூன்றாம் பகுதியைக் கொடுப்பேன். பனி மூடிய ஊரில் ஆட்களின் காது அடைத்துப் போகிறது. காதுக்குள் நத்தை உருவில் இருந்து ஒலியைத் தின்னும் முஷி காரணம். அதன் பெயர் உன். உப்புநீர் விட்டால் கரைந்துவிடும். அட்டைக்கும் நத்தைக்கும் உப்புப் போட்டுப் பழகிய நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. கூடவே மௌனத்தைத் தின்னும் இன்னொரு முஷியும் உண்டு, பெயர் அ. அது பிடித்த பிள்ளைக்கு நெற்றியில் கொம்பு முளைக்கிறது, உலகத்தின் ஓயாத சத்தமெல்லாம் காதில் விழுகிறது. யப்பானியக் கோயில் வாசலில் வாய் திறந்தும் மூடியும் நிற்கும் இரண்டு காவலர் சொல்லும் அசைகளே அ, உன். சமஸ்கிருதத்து அ, ஹூம் என்பவை பௌத்தத்தோடு கடல் கடந்து போய் அப்படித் திரிந்தன. மண்டூர் முருகன் கோயிலில் பூசகரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டி, மந்திரம் ஓதாமல் செய்யும் பூசையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, மௌனத்தையும் ஓர் உணவாக எண்ணும் கதை அந்நியமாக இராது.

அடுத்து ஒன்பதாம் பகுதி. வறட்சியில் விளைச்சல் பெருகும், ஆனால் விலையாக ஓர் உயிர் போகும். அதைச் செய்யும் விதை ஒன்றைப் பற்றிய கதை. மழை பொய்த்த போகத்தையும் அறக்கொட்டியான் பூச்சி விழுந்த வேளாண்மையையும் கண்டவர்கள் இதை இலேசாகப் பார்த்துவிட்டு எழும்ப முடியாது. பன்னிரண்டாம் பகுதியைக் கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். கிங்கோ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பது அதில்தான் இருக்கிறது. அது முதலில் ஒரு முஷியின் பெயர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தப் பெயரின் பின்பாதியான 'கோ' என்ற எழுத்தில், மூன்று பூச்சி ஒரு பாத்திரத்தின் மேல் இருக்கிறது. நச்சுப் பிராணிகளை ஒரே பாத்திரத்தில் அடைத்து, ஒன்றையொன்று தின்று மிஞ்சுவதைச் சூனியத்துக்கு எடுத்த பழஞ்சீன வழக்கத்தின் எழுத்து அது. இருபதாம் பகுதியில் வரும் தான்யூ என்ற பெண், முஷிகளைக் கொன்ற கதைகளை எழுதி எழுதியே தன் உடம்பில் இருக்கும் முஷியை அடக்குகிறாள். சொல்லிலும் எழுத்திலும் அக்கறையுள்ளவர்கள் அவளைத் தவறவிடக் கூடாது.

ஓர் இரவுக்கு ஒரு பகுதி போதும். தோஷியோ மசுதாவின் இசை பகுதிக்குப் பகுதி முடிவில் மாறும். அதை நிறுத்திவிட்டு அடுத்ததற்குத் தாவினால் பாதி போய்விடும். யப்பானிய ஒலியிலேயே கேளுங்கள்.

தமிழில் வசனவரி எழுத யாராவது முன்வந்தால் அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முஷிக்குப் பேய் என்றோ ஆவி என்றோ எழுத வேண்டாம், துணிந்து பூச்சி என்றே எழுதுங்கள். ஆங்கிலத்தில் இல்லாத வசதி நமக்கு இன்னும் இருக்கிறது. கிங்கோ பூச்சிப் பரியாரியாக இருக்கட்டும். மண்ணுக்கடியில் ஒளி ஆறாக ஓடுவதாகத் தொடரில் வரும் கோமியாக்கு என்ற சொல்லில், மியாக்கு என்பது இரத்தக் குழாய்க்கும் கைபிடித்துப் பார்க்கும் துடிப்புக்கும் பொதுவானது. பரியாரியார் வாயில் அந்த இரண்டுக்கும் நாடி என்ற ஒரே சொல் இருப்பதால், அதற்கு ஒளிநாடி என்று எழுதினால் சரியாக வரும்.