யூபிலி

ஒரு படம் 25 வாரம் ஓடிவிட்டால் 'சில்வர் ஜூபிலி' என்று சுவரெல்லாம் விளம்பரம் ஒட்டிக் களிக்கும் நம்மவர்க்கு, அச்சொல் எபிரேய வேதத்தில், ஏழேழாக 49 வருஷங்கள் கழிந்து வரும் 50-ஆம் வருஷத்தைக் குறித்தது என்றும், அவ்வருஷத்தில் அடிமைப்பட்ட இஸ்ரவேலர் விடுதலை பெறவும் விற்ற காணி பழைய குடும்பத்துக்கே மீளவும் லேவியராகமம் விதித்தது என்றும் சொன்னால் சற்று வியப்பாகவே இருக்கும். மூலச்சொல்லாகிய 'யோவேல்' ஆட்டுக்கடாவின் கொம்பு. வேதம் சொல்லும் எரிகோ நகரின் மதிலைச் சுற்றி ஏழு ஆசாரியர் ஏழு நாள் ஊதியதும் அதுவே. கொம்பூதி அறிவித்தமையால் அதன் பெயர் வருஷத்துக்கு ஆயிற்று என்பர். அச்சொல் கிரேக்கத்தின் வழியே லத்தீனை அடைந்தபோது, ஆரவாரித்தலைக் குறிக்கும் 'யூபிலாரே'யின் சாயல் படியவே, விடுதலை மங்கிக் கோலாகலம் மிஞ்சிற்று. 'வெள்ளிவிழா', 'பொன்விழா' என்பன கொண்டாட்டத்துக்குத் தாராளமாய்ப் போதும். சினிமாக்காரர்கள் அவற்றையே கைக்கொள்ளலாம். வேதப் பொருளுக்கோ அவை பொருந்தா. அங்கே 'யூபிலி வருஷம்' என்று தமிழ் வேதாகமம் வைத்துக்கொண்டதை மாற்றாமல் விடுவதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.